வீட்டுக்கு இரண்டு அகப்பை

"புதிதாக எதையும் வாங்காதீர்கள், வீட்டில் இருப்பதையே பாவியுங்கள்" என்று சொல்லும் ஒரு இணையப் பக்கத்துக்குப் படம் அனுப்புவதற்காக, வீட்டில் ஏழு தூக்குச்சட்டி இருக்க, எட்டாவதாக ஒன்றைக் கடையில் வாங்கியவன் நான். பழைய ஏழும் நசுங்கியிருந்தன. ஒன்றின் மூடி வேறு எதனுடையதோ. படத்துக்கு அது சரிவராது என்று எனக்குப் பட்டது. புதியதன் அடியில் ஒட்டியிருந்த விலைச் சீட்டைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து நகத்தால் சுரண்டி எடுத்தேன். பிறகு முற்றத்தில் வாழையிலையை விரித்து, அதன் மேல் சட்டியை வைத்து, முழங்காலில் நின்றும் குப்புறப் படுத்தும் படம் எடுத்தேன். நோன்பு நேரம் வேறு. குசினி வாசலில் நின்று என் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்த மாப்பிள்ள வீட்டுக்கு அனுப்பப் போற, அந்தச் சட்டிட போட்டோவ?" என்று கேட்டாள்.

எனக்கு அலவத்துகொடையில் ஒரு போட்டோகொப்பிக் கடை. நாள் முழுக்கக் கடதாசியைத் தின்று கடதாசியைத் துப்பும் ஒரு மெஷினுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பவன். அப்படிப்பட்டவனுக்குச் சுற்றாடல் மேல் பாசம் வருவது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனாலும் வந்தது. மெஷின் ஓடும்போது கைக்கு வேலை இல்லை, கையில் போன் இருந்தது, போனுக்குள் அந்தப் பக்கம் இருந்தது.

அதை நடத்துபவர் கொழும்பில் ஒரு மாடிவீட்டில் இருக்கும் பெண்மணி. மெல்லிய குரல். பின்னால் எப்போதும் ஒரு வெள்ளைச் சுவரும் ஒரு பச்சைச் செடியும். ஒரு வருடம் முழுக்கத் தன் வீட்டில் சேர்ந்த குப்பை இவ்வளவுதான் என்று ஒரு நாள் ஜாம் போத்தலைத் தூக்கிக் காட்டினார். என் கடையில் காலை பத்து மணிக்குள் அதைவிடக் கூடச் சேர்ந்துவிடும். வெட்கமாகப் போய்விட்டது. அந்த வெட்கத்தில் மூங்கில் பிரஷ் ஒன்று வாங்கிப் பல் துலக்கினேன். மூன்றாம் நாள் அதன் சிலும்பு பல் முரசில் ஏறி, பல்வைத்தியரிடம் போய் எடுக்கவேண்டி வந்தது. தோடம்பழத் தோலைச் சீனித்தண்ணீரில் ஊறப்போட்டால் நிலம் கழுவும் திரவம் கிடைக்கும் என்றார்கள். தினமும் மூடியைத் திறந்து காற்றை வெளியே விடவேண்டும் என்ற வரி வருவதற்குள் நான் லைக் போட்டுவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போயிருந்தேன். போத்தல் அலுமாரிக்குள் வெடித்தது. அந்த வருடம் என் மனைவி போன கல்யாண வீடுகளுக்கெல்லாம் அவளுடைய சாரிக்கு முன்னால் தோடம்பழ வாசம் போய்ச் சேர்ந்தது.

அதோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. பல் என்னுடையது, அலுமாரி என்னுடையது. கேட்பதற்கு வேறு ஆள் இல்லை. நான் ஊர்க் கஞ்சியில் கை வைத்தேன்.

நோன்பு காலத்தில் எங்கள் பள்ளிவாசலில் தினமும் கஞ்சி காய்ச்சுவார்கள். அரிசி, தேங்காய்ப்பால், இறைச்சி, இஞ்சி, ரம்பை இலை எல்லாம் போட்டது. ஒரு நாளைக்கு ஒரு குடும்பம் என்று முறை வைத்துச் செலவை ஏற்றுக்கொள்வார்கள். பின்நேரம் அஸர் தொழுகை முடிந்ததும் வரிசை தொடங்கும். கார் வைத்திருப்பவரும் நிற்பார், கூலிக்குப் போகிறவரும் நிற்பார். சில வருடங்களாக அந்தக் கஞ்சி சொப்பிங் பேக்கில்தான் போகிறது. கொதிக்கக் கொதிக்க ஊற்றி, முடிச்சுப் போட்டுக் கையில் கொடுப்பார்கள். மறுநாள் அந்தப் பேக்குகள் பள்ளிக்குப் பின்னால் உள்ள கழிவுநீர்க் கானில் கிடக்கும். ஒரு மழை பெய்தால் போதும், கான் அடைத்து, ஊத்தைத் தண்ணீர் நாங்கள் தொழுமுன் கைகால் கழுவி வுழூ செய்யும் இடம் வரைக்கும் ஏறிவிடும். ஆகவே என் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அதை இப்போதும் சொல்வேன். கொதிக்கும் கஞ்சியைப் பிளாஸ்டிக்கில் ஊற்றிக் குடிப்பது புத்தியுள்ள வேலை அல்ல.

ஆனால் என்னைக் கிளப்பிவிட்டது கான் அல்ல. "குப்பையில்லாத நோன்பு. உங்கள் ஊர்ப் பள்ளியில் என்ன செய்தீர்கள்? படம் அனுப்புங்கள்" என்று அந்தப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். அதில் கடைசி இரண்டு சொல்தான் எனக்குள் இறங்கியது.

பள்ளி நிர்வாகக் கூட்டத்தில் எழும்பி நின்று பேசினேன். இனிமேல் எல்லாரும் பாத்திரம் கொண்டு வரவேண்டும், பாத்திரம் இல்லாவிட்டால் கஞ்சி இல்லை என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். நோன்பு நேரம் கூட்டம் நீளுவதை யாரும் விரும்புவதில்லை. கஞ்சி காய்ச்சுகிறவன் மட்டும் வாசலில் நின்றபடி கேட்டான். அவனும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"மச்சான், பேக்குக்கு ரெண்டு அகப்ப. அதுக்கு மேல ஊத்தினா முடிச்சுப் போட ஏலா. அதால எல்லாருக்கும் ஒரே கணக்கு. சட்டி வந்தா நான் எத்தன அகப்ப ஊத்துற?"

"சட்டிக்கும் ரெண்டு ஊத்து."

"ஆட்டுக்குட்டி முங்குற மாதிரிச் சட்டியோட ஒருத்தர் வந்து மொகத்துக்கு முன்னால நீட்டுவார். அதுல ரெண்டு ஊத்திட்டு நான் அவர்ட மொகத்தப் பாக்கிறதா? நீ வந்து ஊத்துறியா?"

"அதெல்லாம் பொறகு பாத்துக்கலாம்."

அந்த நேரம் நான் படத்துக்குக் கீழே என்ன எழுதுவது என்று மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். குப்பையைக் குறைப்போம் என்று முந்நூறு தாளில் அறிவித்தல் அடித்து வீடு வீடாகக் கொடுத்தேன். மறுநாள் கானில் பேக்குகளுக்கு நடுவே என் அறிவித்தலும் மிதந்தது.

முதல் நாள் வரிசை பார்க்க அழகாகத்தான் இருந்தது. பித்தளை, அலுமினியம், எவர்சில்வர். நான் ஒரு கதிரையில் ஏறி நின்று படம் எடுத்தேன். என்னையும் சேர்த்து ஒன்று எடுக்கச் சொல்லி ஒருவரிடம் போனைக் கொடுத்தேன். வரிசை முடியும் நேரம் எங்கள் பகுதிக்கு மேலே குன்றில் குடியிருக்கும் ஒருவர் வந்தார். கண்டியில் ஒரு மொத்தக்கடையில் மூட்டை தூக்கும் நாட்டாமை. அவருடைய மனைவிக்குத் தொண்டையில் ஒப்பரேஷன் செய்திருந்தது ஊருக்கே தெரியும். டாக்டர் அவளை நோன்பு பிடிக்க விடவில்லை. ஆனாலும் புருஷன் நோன்பு திறக்கும் நேரம் அவளும் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கஞ்சியைக் குடிப்பாள். வீட்டில் வேறு ஆள் இல்லை. அடுப்படியில் நிற்க அவளுக்குத் தெம்பும் இல்லை.

அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு பேக்கை எடுத்து விரித்தார்.

"சட்டி எங்க?" என்று கேட்டேன்.

"சட்டியா? நானா, காலைல ஆறு மணிக்கு பஸ் ஏறினவன். சட்டிய ஒரு கைல புடிச்சிட்டா மூட்ட தூக்குற?" என்றார். அண்ணனை நாங்கள் நானா என்போம்.

"வீட்டுக்கெல்லாம் நோட்டீஸ் குடுத்தமே."

"குடுத்தீங்க. நான் காணல்ல, வேலைக்குப் போன. ஊட்டுல அவளுக்கு இது தவிர வேற ஒண்ணும் எறங்காது, ஒங்களுக்குத் தெரியும் தானே. இண்டைக்கு மட்டும் இதுல ஊத்தச் செல்லுங்க. நாளைக்கு எப்பிடியும் ஒரு பாத்திரம் தேடுறன்."

கஞ்சிக்காரன் அகப்பையைத் தூக்கிவிட்டான். நான் கையைக் குறுக்கே நீட்டினேன்.

"ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க" என்றேன்.

அரசாங்கக் கந்தோரில் கிளார்க்குகள் இந்த வசனத்தைச் சொன்னால் எனக்குத் தலை சுற்றும் அளவுக்குக் கோபம் வரும். அன்று அது என் வாயிலிருந்து எவ்வளவு சுகமாக வந்தது என்று நினைத்தால் இப்போதும் வாயைக் கழுவ வேண்டும்போல் இருக்கிறது. அவர் பேக்கைத் திரும்ப நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு குன்றில் ஏறினார். கஞ்சிக்காரன்தான் பிறகு சொன்னான், அது ஏதோ சாமான் வந்த தடித்த பேக், நோன்பு தொடங்கிய நாளிலிருந்து அவர் அந்த ஒரு பேக்கைத்தான் கழுவிக் காயவைத்துக் கொண்டு வருகிறார் என்று. கானில் ஒரு பேக்கைக்கூடப் போடாத ஆள் ஒருவரை, கானைக் காப்பாற்றுவதற்காக வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறேன்.

ஆனால் எனக்கு அன்று அதை யோசிக்க நேரம் இல்லை. படம் ஓடத் தொடங்கியிருந்தது. நான் பெயர் கேள்விப்படாத ஊர்களிலிருந்தெல்லாம் லைக் வந்தது. கொழும்புப் பெண்மணி தனியாகச் செய்தி அனுப்பினார்: "மாஷா அல்லாஹ் சகோதரரே, நாட்டுக்கே முன்மாதிரி. நாளை வரிசையை வீடியோவாக அனுப்ப முடியுமா? பாத்திரங்கள் கொஞ்சம் பளபளப்பாக இருந்தால் இன்னும் நல்லது."

மறுநாள் கஞ்சி எங்கள் குடும்பத்து முறை. எங்கள் செலவில் காய்ச்சும் கஞ்சிக்கு எங்கள் சொந்தங்கள் சின்னச் சட்டியோடு போவார்களா? என் மனைவி பிரியாணிச் சட்டியைத் தேய்த்து வெளியே எடுத்தாள். போதாததற்கு இன்னொரு பெரிய சட்டி. தங்கச்சி வீட்டிலிருந்து ஒரு வாளி வந்தது. மனைவியின் அண்ணனான மச்சான் வீட்டிலிருந்து மூடி போட்ட ஒரு பானை வந்தது. எல்லாம் பளபளவென்று இருந்தன. நான் வீடியோ எடுத்தேன். கஞ்சிக்காரன் என் முகத்தைப் பார்த்தான், பிரியாணிச் சட்டியைப் பார்த்தான், ஊற்றினான். செலவு செய்கிற வீட்டுச் சட்டியை அரைவாசியில் நிறுத்த அவனால் முடியுமா? எங்களுக்குப் பின்னால் நின்றவர்களும் அதைக் கண்டுவிட்டு, "எங்கடதையும் கொஞ்சம் நெரப்புங்க" என்றார்கள். நானும் "ஊத்து மச்சான், ஊத்து" என்றேன். வீடியோவுக்கு அது நன்றாக இருந்தது.

அக்குறணையில் பஸ் நெரிசலில் சிக்கி, மூட்டை தூக்குகிறவர் வந்து சேரும்போது நோன்பு திறக்கும் மஃரிபுக்கு அரை மணிதான் இருந்தது. கையில் மூடியுள்ள ஒரு அலுமினியப் பாத்திரம், துணியால் கட்டியது. யாரிடமோ இரவல் வாங்கியது. அதைக் காலையில் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போய், கடையில் மூட்டைகளுக்கு நடுவே பாதுகாத்து, திரும்பவும் நின்றபடி கொண்டு வந்திருக்கிறார்.

"கடைப் பொடியன்மார் கேட்டாங்க நானா, பால் கறக்கவா போறீங்கன்டு" என்று சிரித்தார்.

கஞ்சிக்காரன் பெரிய சட்டியைச் சரித்தான். அகப்பை அடியில் உரசும் சத்தம் கேட்டது.

"அடி புடிச்சது மட்டும்தான் ஈக்கி" என்றான், என்னைப் பார்க்காமல்.

"கருகலா?"

"ஓ, கருகல்தான்."

"கருகல் அவளுக்கு எறங்காது" என்றார். சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு பாத்திரத்தின் துணியைத் திரும்பவும் கட்டினார். அவிழ்த்த முடிச்சை அதே இடத்தில் பொறுமையாகக் கட்டினார். "பரவால்ல நானா, ஒரு பிஸ்கட்ட ஊறப் போட்டுக் குடுக்கிறன்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார். என் போன் அதுவரை ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய கை முடிச்சுப் போடுவது வீடியோவின் கடைசியில் இருக்கிறது. அனுப்பும் முன் அந்தத் துண்டை வெட்டிவிட்டுத்தான் அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்தால் மேசையில் இரண்டு பெரிய சட்டி நிறையக் கஞ்சி. நாங்கள் வீட்டில் நாலு பேர். ஒன்றைத் தூக்கிக்கொண்டு மேலே போனால் ஐந்து நிமிடம். இது எனக்குத் தோன்றாமல் இல்லை, தோன்றியது. பாங்கு சொன்னார்கள், நோன்பு திறந்தேன், தொழுதேன், போகலாம் என்று நினைத்தேன். போன் அடித்தது. ஒருவர் பாராட்டியிருந்தார். அவருக்குப் பதில் போட்டேன். இன்னொருவர் பாராட்டினார். ஒருவருக்குப் பதில் போட்டுவிட்டு மற்றவருக்குப் போடாவிட்டால் மரியாதையில்லை. பூமியைக் காப்பாற்றும் வேலையில் அன்றைய மிச்ச நேரம் அப்படியே போனது.

காலையில் கஞ்சி புளித்திருந்தது. என் மனைவி அதை வாழை அடியில் ஊற்றும்போதுதான் நாட்டாமையின் கதையை அவளிடம் சொன்னேன். அவளுக்கு அதுவரை தெரியாது. சட்டியைக் கவிழ்த்தபடி நின்றாள்.

"நேத்தே செல்லியிருந்தா நானே தூக்கிட்டுப் போயிருப்பன். ஒங்கட போனுக்குக் கால் ஈந்தா அதையாவது அனுப்பியிருக்கலாம்" என்றாள்.

அன்று கடையில் மெஷினை நிறுத்திவிட்டு நடந்ததை நடந்தபடி எழுதி அந்தப் பக்கத்தில் போட்டேன். பேக் ஒரு அளவாகவும் இருந்தது, நான் அளவைத் தூக்கி எறிந்துவிட்டேன், என் வீட்டுச் சட்டி நிறைந்ததால் தொண்டையில் ஒப்பரேஷன் செய்த ஒரு பெண்ணுக்குக் கஞ்சி இல்லாமல் போனது என்று எழுதினேன். என்னைத் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்திருக்கும். அவர்கள் நாட்டாமையைத் திட்டினார்கள்.

"ஒரு பாத்திரம் கொண்டு போக முடியாதா? எல்லாம் சாக்கு" என்று ஒருவர். "இப்படிப்பட்டவர்களால்தான் பூமி இந்த நிலையில் இருக்கிறது" என்று இன்னொருவர். அவருடைய படத்தில் அவர் விமானத்து ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். "காலையில் கொஞ்சம் முன்கூட்டியே திட்டமிட்டால் எதுவும் சாத்தியம்" என்று ஒரு அம்மா. ஆறு மணி பஸ்ஸுக்கு ஓடுகிறவன் இன்னும் எத்தனை மணிக்கு எழும்பித் திட்டமிட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. மத்தியானம் கொழும்புப் பெண்மணியின் செய்தி வந்தது: "சகோதரரே, இப்படியான எதிர்மறைப் பதிவுகள் மற்றவர்களின் ஆர்வத்தைக் குறைக்கும். எடுத்துவிட்டேன், மன்னிக்கவும். உங்கள் முதல் படம் மிக அழகு, அது இருக்கட்டும்." அதையும் எடுத்துவிடுங்கள் என்று எழுதினேன். பதில் இல்லை. அந்தப் படம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது. நாட்டாமையைப்போல ஒருவர் தூக்கிய மூட்டையிலிருந்துதான் அந்த வெள்ளைச் சுவர் வீட்டுக்கும் அரிசியும் பருப்பும் போகின்றன. அந்த அரிசி வந்த சாக்கு, அந்தப் பருப்பு வந்த பேக், இதெல்லாம் ஜாம் போத்தலுக்குள் வராது. அது ஏதாவது மொத்தக்கடையின் பின்பக்கம் நின்றுவிடும், அதைக் கூட்டி அள்ளுவதும் அவரைப்போல ஒருவர்தான். ஒரு பேக்கை நாள் தவறாமல் கழுவிக் காயப்போடுகிறவருக்கு லைக் இல்லை, ஏனென்றால் அது பழசு, மடிந்தது, படத்துக்குச் சரிவராது. புதுச் சட்டி வாங்கியவனுக்கு நாடு முழுக்கப் பாராட்டு. போனைப் பார்த்து நல்ல பழக்கம் படிக்கலாம், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வரிசையில் கடைசியாக யார் வருகிறார், எங்கேயிருந்து வருகிறார், அவர் கையில் என்ன இருக்க முடியும் என்று அந்த வீடியோக்களில் ஒன்றாவது கேட்டதா? கேட்கவில்லை. சரி, அவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள், அவரைத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்தப் படத்தின் ஓரத்தில், தொப்பி போட்டுக்கொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பவனுக்கு அவரை முப்பது வருடமாகத் தெரியும்.

அடுத்த நாள் அதிகாலை சுபஹ் தொழுகை முடிந்து அவர் பஸ்ஸுக்குப் போக முன் பள்ளி வாசலில் பிடித்தேன். மாப்புக் கேட்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை, செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

"நேத்து கஞ்சிக்கு வரல்லயே, எங்கேயிருந்து குடுத்தீங்க அவக்கு?" என்று கேட்டேன்.

"ஒரு கடைல சூப் வாங்கின. மொளகு ரொம்பக் கூட. ரெண்டு வாய் குடிச்சா, மிச்சத்த வெச்சிட்டா." பிறகு நிமிர்ந்தார். "நானா, நான் தினமும் சுபஹுக்கு இஞ்ச தானே வார. பாத்திரத்த இப்பவே வெச்சிட்டுப் போறன். கஞ்சி எறக்கின ஒடன ஊத்தி மூடி வெக்கச் செல்லுங்க. பின்நேரம் வந்து எடுத்துக்கிறன். ஏலுமா?"

ஏலுமா என்று என்னிடம் கேட்கிறார். நிர்வாகக் கூட்டம், முந்நூறு அறிவித்தல், ஒரு கதிரை, ஒரு வீடியோ, இத்தனைக்கும் நடுவில் யாருக்கும் தோன்றாத வேலை. ஏனென்றால் நாங்கள் யாரும் அவரிடம் கேட்கவில்லை.

நிர்வாகத்திடம் போய்ச் சொன்னேன். வேலைக்குப் போகிறவர்கள் காலையில் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போகலாம், அவர்களுடையதை முதலில் ஊற்றுவது. மற்ற எல்லாருக்கும், செலவு செய்கிற குடும்பம் உட்பட, வீட்டுக்கு இரண்டு அகப்பை. இந்தத் தடவை அறிவித்தல் அடிக்கவில்லை. வரிசையில் நின்று என் வாயால் சொன்னேன். என் மச்சானே சண்டைக்கு வந்தார்.

"ரெண்டு அகப்பையா? என்ட சட்டிட அடி நனையாதே."

"அப்ப சின்னச் சட்டி கொண்டு வாங்க."

"நீதானே முந்தாநாள் ஊத்து ஊத்துன்டு கத்தின."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்க வேண்டியதுதான்.

அன்று பின்நேரம் சுவரோரம் ஏழு பாத்திரங்கள் மூடி இருந்தன. துணி கட்டியது முதலாவதாக. அவர் வந்தார், தூக்கினார், பாரத்தைக் கையால் பார்த்தார், மூடியைத் தொட்டுச் சூடு பார்த்தார். அவ்வளவுதான். ஒரு கையில் பாத்திரத்தைச் சாயாமல் பிடித்துக்கொண்டு வேகமாகக் குன்றில் ஏறினார். வரிசையில் இன்னும் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். கஞ்சி போதாமல் போய்விடுமோ என்று எனக்குப் பயம். சட்டிக்குள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு, ஊற்றுகிறவனின் முழங்கையில் இடித்துக்கொண்டு நின்றேன்.

"மச்சான், எல்லாருக்கும் காணுமா?" என்று கேட்டேன்.

அவன் அகப்பையை நிறுத்தவில்லை. "காணும். நீ இஞ்ச வராத நாளெல்லாம் கண்டதுதான்" என்றான்.